சோப்பு பட்ட குவியல்

என் அக்கா வாடகை வீட்டைக் காலி செய்து, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்தத் தோட்டத்துக்கே குடிபோனாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கத்தும்போது, இவள் ஏன் இந்தக் கத்து கத்துகிறாள் என்று யாருக்கும் தோன்றக் கூடாது.

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தம், மருந்து, வாந்தி, வாயால் சொல்ல முடியாத இன்னும் எல்லாமும் ஒட்டிய படுக்கை விரிப்புகளை ஆளுயர இயந்திரங்களில் போட்டு எடுப்பது அவள் வேலை. அந்த நீராவியிலேயே வயது போய்விட்டது. கல்யாணம் ஆனது, அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார், குழந்தை இல்லை. ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்று அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கொதிநீரும் சலவைக் காரமும் பட்டுப் பட்டு ரேகைகள் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "இனிமே கைரேகை பாக்கறவன் எவனும் என்னை ஏமாத்த முடியாதுடி" என்று சிரித்தாள்.

என்னோடு வந்து இரு என்றேன். "உன் புருஷன் குறட்டைக்கே அந்த வீட்டுல இடம் பத்தல, நான் வேறயா?" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் அது உண்மைதான். நான் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள். நாள் முழுக்க ஊரார் சொல்லும் சாக்கையும் சமாளிப்பையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், குறட்டை கூட எனக்குத் தாலாட்டுதான். அக்காவுக்கு அப்படியில்லை. அவளுக்கு அமைதி வேண்டும், கைக்கு வேலையும் வேண்டும்.

இரண்டும் ஒரு சுவரொட்டியில் கிடைத்தது. தன்னார்வலர்கள் தேவை, காலையில் தோட்ட வேலை, தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று நூலக வாசலில் ஒட்டியிருந்தார்களாம். இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், முகமெல்லாம் கறுத்து, பேச்செல்லாம் மண்ணாகத் திரும்பி வந்தாள். "அங்க எதுவும் குப்பை கிடையாதுடி. நமக்கு மிஞ்சறது கோழிக்கு, கோழிக்கு மிஞ்சறது மண்ணுக்கு, மண்ணு திருப்பி நமக்கு." இதையே என் வீட்டுக்காரரிடமும் சொன்னாள், பக்கத்து வீட்டாரிடமும் சொன்னாள், பால் போடுகிறவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு சரிவில் சின்ன நிலம். மண்சுவர் வீடு, ஒரு குளம், இரண்டு ஆடு, கொஞ்சம் கோழி, வாத்து. சரிவில் ஓடும் மழைத்தண்ணீர் வெளியே போய்விடாமல் வளைந்து வளைந்து வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர் முன்பு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர். நெஞ்சு வரை தாடி. அந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நல்ல சிரிப்புத்தான், குறை சொல்ல முடியாது. நான் எனக்குள் ஒருவருக்குத் தாடி என்றும் இன்னொருத்திக்குச் சிரிப்பு என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். அக்கா அவரைத் தம்பி என்பாள். அவளைத் தங்கம் என்பாள். என்னை ஒருநாளும் தங்கம் என்றதில்லை.

வாசல் கதவுக்கு மேல் ஒரு பலகை தொங்கியது. 'வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது' என்று எழுதியிருந்தது. அதுதான் அந்த இடத்தின் சட்டம். உரம் வாங்கக் கூடாது, விதை வாங்கக் கூடாது, பாத்திரம் துலக்கக் கூடச் சாம்பல்தான். அதைக் கேட்டுத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தங்கி, பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டுப் போனார்கள். நான் என் கைப்பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை உள்ளே கொண்டுபோகலாமா என்று கேட்டேன். தாடி சிரிக்கவில்லை.

மக்குக் குவியல் அக்காவின் பொறுப்பு. இலை, வைக்கோல், ஆட்டுப் புழுக்கை, அடுப்படிக் கழிவு எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, கிளறி, கருகருவென்று உரமாக்கி எடுக்க வேண்டும். அவள் அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல் சூடு பார்ப்பாள். "இன்னிக்கு நல்லா வேகுது" என்பாள். கூடத் தங்கியிருந்த மற்ற தன்னார்வலர்கள் வருவார்கள், ஒரு மாதம் இருப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அக்கா மட்டும் போகவில்லை.

இரண்டாவது விளைச்சல் எடுத்ததும் நீங்கள் தன்னார்வலர் இல்லை, இந்த வீட்டு ஆள் என்று இருவரும் அவளிடம் சொன்னார்கள். குளத்தோரம் ஓர் அறை கட்டிக்கொள்ளலாம், கடைசி வரை அது உங்களுக்குத்தான் என்றார்கள். அக்கா அதற்கான மண்ணைத் தானே மிதித்தாள், தானே பூசினாள். படுத்தபடியே பாத்திகளைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு இறக்கி வைத்தாள். சுவர் காய்கிற நேரத்தில்தான் இங்கே வாடகை வீட்டைக் காலி செய்தாள்.

"எழுதி வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"போடி இவளே. உன்னை மாதிரி எல்லாத்துக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாங்களா? அவங்க என் மனுஷங்கடி."

அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. வாரக் கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு கூழாங்கல்லைக் கை மாற்றுவார்கள். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். அந்த வாரம் செய்த தப்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கல்லைக் கொடுத்திருந்தால் முதலில் எறிந்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருப்போம். அக்காவோ அதை நெஞ்சில் ஒற்றிக்கொண்டு பேசுவாளாம்.

அந்த வட்டத்தில்தான் அவள் சோப்பு விஷயத்தைச் சொன்னாள். தன்னார்வலராக வந்த ஒரு பெண் காய்ச்சலில் வாந்தி எடுத்து மெத்தை உறையெல்லாம் நாறிவிட்டது. சாம்பல் தண்ணீரில் நாற்றம் போகவில்லை. சலவைக்கூடத்துக்காரிக்கு அது பொறுக்குமா? தன் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய சோப்புத் துண்டை எடுத்துத் தேய்த்துவிட்டாள். துவைத்த தண்ணீர் வழக்கம் போல் குவியலின் பக்கம் ஓடியது. யாரும் பார்க்கவில்லை. அவளாகவே கல்லை வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, நான் வெளிப்பொருளை உள்ளே விட்டுவிட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்களாம். சிரிப்பு எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம்.

அந்தக் குவியலில் முக்கால்வாசியைப் பாத்திகளில் போட்டார்கள். பீன்ஸ் முளைத்தது, தக்காளி முளைத்தது, உருளை முளைத்தது. முளைத்தவை எல்லாம் கொஞ்ச நாளில் முறுக்கிக்கொண்டு நின்றன. குருத்து சுருண்டு, இலை கிண்ணம் போலக் குவிந்து, தண்டு கோணிப்போயிருந்ததாம். சோளம் மட்டும் ஒரு கேடும் இல்லாமல் ஜம்மென்று நின்றது. அந்த வருஷத்துச் சாப்பாடே அந்தப் பாத்திகள்தான்.

அடுத்த வட்டத்தில் தாடி கல்லை வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு, "நான் யாரையும் குத்தம் சொல்லல. நம்ம மண்ணுக்குள்ள ஒரு ரசாயனம் வந்திருக்கு. எப்படி வந்திருக்கும்னு அவங்கவங்க மனசைக் கேட்டுப் பாருங்க" என்றார். யாரும் மனசைக் கேட்கவில்லை. எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அக்கா எழுந்து நின்று, கை கூப்பி, அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சிரிப்பு அவள் முதுகைத் தடவி, "மண்ணு மன்னிச்சிடும்க்கா" என்றாள். கொஞ்ச காலம் வெளியே இருந்துவிட்டு வாருங்கள், அறை விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

டிரங்குப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே, "அந்த மண்ணை நான் கொன்னுட்டேன்டி" என்றாள். ஒரு துண்டு சோப்புக்கு யாராவது கொலை என்பார்களா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்தது என் பால்கனியில். அங்கே நான் தொட்டிகளில் தக்காளி போட்டிருந்தேன். அக்கா கொடுத்த உரம்தான். என் கையால செஞ்சது, பத்திரமா வெச்சுக்க என்று ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருந்தாள். துணி காயப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். என் தக்காளியும் சுருண்டிருந்தது. நான் ஏதோ பூச்சி என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன்.

"ஐயோ, இங்கயுமா! நான் தொட்டதெல்லாம் நாசமாப் போகுதே" என்று தலையில் கை வைத்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. "இரு இரு. இந்த மூட்டையை நீ எனக்குக் குடுத்தது எப்போ?"

"நீ கடைசியா அங்க வந்துட்டுப் போனியே, அப்போ."

"அந்தப் பொண்ணு வாந்தி எடுத்தது?"

அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "அதுக்கப்புறம்தான்" என்றாள். நான் மூட்டையோடு பஸ் ஏறியபோது அந்தச் சோப்பு பெட்டிக்குள்தான் கிடந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரே படாத உரம் என் செடியைச் சுருட்டுமா? குவியலில் அதற்கு முன்பே ஏதோ கலந்திருக்க வேண்டும்.

சுருண்ட இலைகளைச் செடிக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் போனில் யாரோடோ பேசிக்கொண்டே பார்த்தார். "சாணம் எங்க வாங்குனீங்க? குதிரை லாயமா?" என்றார். இந்த வருஷம் இது நாலைந்து பேருக்கு நடந்துவிட்டதாம். புல்வெளியில் களைக்கொல்லி அடிப்பார்களாம். அது புல்லை ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடியை மட்டும் கொல்லும். அந்தப் புல்லைத் தின்ற குதிரையின் சாணத்திலும் அது அப்படியே தங்கிவிடும், மக்கினாலும் போகாது என்றார். சோளமும் புல் வகை, அதனால்தான் தப்பித்தது.

"அங்க குதிரையே கிடையாதே. வெளிச் சாணம் உள்ள வரவே வராது" என்றாள் அக்கா.

வெளியே வந்து பத்தடி நடந்தவள் நின்றாள். நான் அந்த மூட்டையை வாங்கி வருவதற்குச் சில மாதம் முன்பு, என் கண் ஆபரேஷனுக்கு அவள் வந்து தங்கியிருந்தாள். திரும்பிப் போனபோது, குவியல் அவள் இடுப்பிலிருந்து தோள் உயரத்துக்கு ஏறியிருந்ததாம். நாங்க எல்லாரும் சேர்ந்து இலை பொறுக்கினோம் என்று தாடி சொன்னாராம். தன் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுச் செய்தார்களே என்று அன்று இவள் பூரித்துப் போயிருக்கிறாள்.

நான் என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் என்னை அடக்கினாள். "சும்மா இரு. தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது. வந்த பசங்க யாராவது விவரம் தெரியாம கொண்டு வந்து கொட்டியிருப்பாங்க. போய்ச் சொன்னா அவருக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?" சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. சுருண்ட இலைகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, நல்ல சேதி சொல்லப் போகிறவளாகப் புறப்பட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குளத்தறைக்கு இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போனபோது பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கையில் பேனாவும் தலையில் தொப்பியுமாக ஒரு கூட்டம் மிஞ்சிய குவியலைச் சுற்றி நின்றது. குவியலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். 'சோப்பு பட்ட குவியல். தொடாதீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது. தாடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"ஒரு தன்னார்வலர். ரொம்ப நல்லவங்க. ஆனா ஒரு நிமிஷம் கவனம் தப்பினதுல, ஒரே ஒரு துண்டு சோப்பு, ஒரு வருஷ விளைச்சலே போச்சு. தன்னிறைவுங்கறது எவ்வளவு மெல்லிசான விஷயம்னு பாருங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அக்கா டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பியவர் அவளைப் பார்த்தார். அந்தத் தாடிக்குள் இருந்த முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பார்த்த அந்தக் கணமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

எங்களை அடுப்படிக்குள் அழைத்துப் போனார்கள். அக்கா டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்து, செடிக்கடைக்காரர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். நம்பிக்கையோடுதான் சொன்னாள். சொல்லி முடித்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. சிரிப்பு தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்றாள் அக்கா.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். வகுப்புக்கு ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு இத்தனை வாய்க்கு இந்த நிலத்தின் உரம் போதவில்லையாம். பக்கத்து லாயத்தில் சும்மா கொடுத்தார்களாம். ஒரே ஒரு தடவைதானாம். செடி சுருண்டதும் சந்தேகம் வந்து, கொட்டகைக்குப் பின்னால் தொட்டியில் மிச்சமிருந்த லாயத்துச் சாணத்தை மட்டும் போட்டு பீன்ஸ் நட்டுப் பார்த்தாராம், அதுவும் சுருண்டதும் புரிந்துவிட்டதாம்.

"வட்டத்துக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று நான் கேட்டேன்.

"முன்னாடி" என்றார்.

பிறகு அவசரமாக, "அக்கா, அறை உங்களுக்குத்தான். அப்பவும் அப்படித்தான் நெனச்சிருந்தோம். இப்பவே வந்துடுங்க. சாமானைக் கூட நானே போய் எடுத்துட்டு வரேன். ஆனா இந்தப் பேச்சு நம்ம நாலு பேரோட போகட்டும்" என்றார்.

அடுப்படி ஜன்னலிலிருந்து அந்த அறை தெரிந்தது. அக்கா அதைத்தான் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்; சொல்லியிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். வயதான காலத்தில் கூரைக்கு ஆசைப்படுவது தப்பா?

"வட்டத்துல சொல்லுவீங்களா?" என்றாள் அக்கா. "நீங்களே சொல்லணும். நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

"எல்லாம் அடங்கிப் போச்சு. இப்போ போய் எதுக்குக்கா கிளறணும்? இதை நம்பி எத்தனை பேர் இருக்காங்க..."

அக்கா அவரை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினாள். "ஏன் தங்கம், அன்னிக்கு நான் அழுதப்போ என் முதுகைத் தடவிக் குடுத்தியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

அவள் அழுதாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "உங்களால தாங்கிக்க முடியும்னு நெனச்சோம்க்கா. எங்களைச் சுத்தி இவ்வளவு பேர் இருக்காங்க. அவர் பேர் போனா எல்லாமே போயிடும். உங்களுக்குன்னு யாரும் இல்லையே. நீங்க யார் முன்னாடி தலை குனியப் போறீங்கன்னு..."

"அடிப்பாவி! என்னை இங்க மரமாவா நட்டு வெச்சிருக்கு?" என்று நான் பாய்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பிடி இரும்பாக இருந்தது.

"உன் முன்னாடிதாம்மா குனிஞ்சேன்" என்றாள் அவளிடம்.

அவ்வளவுதான் சொன்னாள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் நான் அவள் இல்லையே. குவியலருகே போய், அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கவுண்டரில் கத்தும் அதே குரலில், லாயத்துச் சாணம் முதல் கொட்டகைத் தொட்டி வரை அத்தனையையும் அந்தக் கூட்டத்திடம் சொன்னேன். சிலர் தாடியைத் தேடினார்கள். ஒரு பெண் மட்டும், அந்தச் சோப்புக்காரம்மா நீங்களா என்று என்னைக் கேட்டாள். இல்லை, அதோ போகிறாளே அவள் என்று கை காட்டினேன். அக்கா வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.

பஸ்ஸில் நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. உனக்கு நான் இருக்கிறேன், என் வீடு இருக்கிறது, அந்த மண்குடிசை போனால் போகட்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தேய்ந்த உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்து, எதிர் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அறை போனா போகுதுடி" என்றாள் ரொம்ப தூரம் வந்த பிறகு. "இத்தனை காலம் நான் யாரோட இருந்தேன்னே எனக்குத் தெரியலையே."

எங்கள் நிறுத்தம் வந்தது. அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.